கடிவாய்

குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டிக்கிட்டு நின்னா சோஃபா தைக்கிற குஷன்காரனோட பொண்டாட்டி. முழங்கைக்குக் கீழ, உள்பக்கம், தோல் வெளுத்திருக்கிற இடத்துல புதுக் கடி. சோப்பு நுரை பட்டதும் 'ஸ்ஸ்'னு ஒரு தரம் மூச்சை இழுத்தா. அப்புறம் பாத்திரம் கழுவுற மாதிரி அதைத் தேய்ச்சுக் கழுவ ஆரம்பிச்சுட்டா. பஞ்சையும் மருந்து பாட்டிலையும் புடிச்சுக்கிட்டு பக்கத்துல நின்ன குஷன்காரன், அந்தக் கடியையே பாத்துக்கிட்டிருந்தான். மேல ஒரு அரைவட்டம், கீழ ஒரு அரைவட்டம். மேல் வட்டத்துக்கு நடுவுல சின்னதா ஒரு சந்து. பொண்ணுக்குப் போன மாசம் விழுந்த முன்பல்லோட இடம் அது. தையல் போட்டுக்கிட்டே போறப்ப ஊசி ஒரு தரம் தாண்டிப் போனா துணியில விழுமே, அந்த மாதிரி.

"என்ன அப்படிப் பாக்குறீங்க? பஞ்சைக் குடுங்க."

குடுத்தான். அவ கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பாத்தா.

"பக்கத்துப் பல்லும் ஆடுது போலங்க. இங்க பாருங்க, இது ஒண்ணு மட்டும் ஆழமா பதியலை. வலிச்சிருக்கும், அதான் அழுத்தாம விட்டுட்டா."

"கடி வாங்கினது நீ. அவளுக்கு வலிச்சுதான்னு பாக்குறியா?"

"எனக்கு வலிக்கிறது எனக்குத் தெரியும். அவளுக்கு வலிக்கிறதை யாரு வந்து சொல்லப் போறா?"

பல் ஆஸ்பத்திரியில வேலை பாத்தவ அவ. பல் டாக்டரம்மா பக்கத்துல நின்னு கருவி எடுத்துக் குடுக்கிறது, பசை குழைச்சு வாய்க்குள்ள வச்சு அச்சு எடுக்கிறது, அந்த அச்சுல மாவு ஊத்திப் பல்வரிசை செய்யறது, எல்லாம் அவ வேலை. பொண்ணு பொறந்து, மூணு வயசுல இது ஆட்டிசம்னு தெரிஞ்சதும் வேலையை விட்டுட்டா. அப்பேர்ப்பட்டவளுக்குப் பொறந்த பொண்ணு, வாயைத் திறன்னா திறக்காது. பல் தேய்க்கிறதே தினம் ஒரு மல்யுத்தம். அதனால பொண்ணு வாய்க்குள்ள எந்தப் பல்லு முளைக்குது, எது ஆடுதுங்கிற சங்கதியெல்லாம் அவளுக்குத் தன் கை வழியாதான் வந்து சேரும். தபால்காரன் வாசல்ல போட்டுட்டுப் போற மாதிரி, தோல்மேல வந்து விழும்.

அதைப் பாக்கப் பாக்கத்தான் குஷன்காரனுக்கு வயிறு எரிஞ்சுச்சு. வெளிய சொன்னா சிரிப்பாங்க. சொந்தப் பொண்டாட்டியோட கையில இருக்கிற பல்லுத் தடத்தைப் பாத்துப் பொறாமைப்படுறவன் உலகத்துல இருப்பானா? இருந்தான். மருந்து பாட்டிலைக் கையில புடிச்சுக்கிட்டு நின்னான்.

ஏழு வயசுப் பொண்ணு. வீட்டுல 'வண்டு'ன்னு கூப்பிடுவாங்க. எந்நேரமும் மூக்கால ஒரே சுதியில 'ம்ம்ம்'னு ரீங்காரம் போட்டுக்கிட்டே இருக்கும், அதனால வந்த பேரு. பேச்சுன்னா நாலஞ்சு வார்த்தைதான், அதுவும் அதுக்கா தோணினா. கூப்பிட்டா திரும்பாது. கண்ணைப் பாக்காது. ஆனா வீட்டுல கடுகு இடம் மாறினாலும் தெரிஞ்சுடும். சாயங்காலம் வெளக்கு போட்டதும், வீட்டுக் கதவையெல்லாம் அது தன் கையால மூடணும். மொதல்ல குளியலறை, அப்புறம் படுக்கையறை, கடைசியா சமையக்கட்டு. மூடினப்புறம், சாப்பாட்டு நேரத்துக்கு அதுவே வந்து திறக்கிற வரைக்கும் யாரும் கதவைத் தொடக் கூடாது. ஒரு தரம் ஊருலேர்ந்து வந்திருந்த பொண்டாட்டியோட சித்தப்பா, வெளக்கு போடுற நேரம் பாத்துக் குளியலறைக்குள்ள போயிட்டாரு. வெளிய வண்டு மூடிட்டுப் போயிடுச்சு. பாவம் மனுஷன், சாப்பாட்டு நேரம் வரைக்கும் உள்ள கவுத்துப் போட்ட வாளிமேல உக்காந்து இருமிக்கிட்டிருந்தாரு. "வந்தவனைச் சிறையில வச்சுச் சோறு போடுற வீடு இது ஒண்ணுதான்"னு இன்னைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு.

சிரிப்பெல்லாம் அது மூடின கதவை யாரும் தொடாத வரைக்கும்தான். ஏதாவது தப்பாப் போச்சுன்னா மொதல்ல ரீங்காரம் உசரும். அப்புறம் அலறல். கீழ் வீட்டுக்காரர் வெளக்குமாத்துக் கட்டையால கூரையை இடிப்பாரு. வண்டு தலையைச் செவுத்துல மோதும், முடியைப் பிச்சுக்கும், கடைசியா அம்மா கையைத் தேடிப் புடிச்சுக் கடிக்கும். அம்மா தரையில மண்டி போட்டுக் கையைக் குடுப்பா. திட்ட மாட்டா, இழுக்க மாட்டா. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்கும், ஆனா அதே சுதியில அவளும் 'ம்ம்ம்'னு கூடச் சேர்ந்து முனகுவா. கொஞ்ச நேரத்துல பல்லு தளரும். அம்மா மடியிலேயே வண்டு தூங்கிப் போகும்.

அப்பாகிட்ட இது எதுவும் கிடையாது. ஒரு நாள்கூட அது அவனைக் கடிச்சதில்லை, அடிச்சதில்லை, முடியைப் புடிச்சு இழுத்ததில்லை. ரொம்ப நாளா அதுல அவனுக்கு ஒரு பெருமை. கடைக்கு வர்றவங்ககிட்டகூடச் சொல்லுவான். வீட்டுல சண்டை வந்தா அதையே கல்லா எடுத்து வீசுவான். "என்கிட்ட எப்படிச் சமத்தா இருக்கா பாரு. நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்க." அவ பதில் சொல்ல மாட்டா. சட்டைக் கையைக் கீழ இழுத்து விட்டுக்கிட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடுவா.

அந்தப் பெருமையை, வண்டுக்குப் பயிற்சி குடுக்கிற டீச்சர் ஒரே நிமிஷத்துல ஒடைச்சுப் போட்டுட்டாங்க.

வண்டு போற பள்ளிக்கூடத்துல பெத்தவங்களைக் கூப்பிட்டிருந்தாங்க. சின்னப் பசங்க உக்கார்ற நாற்காலி. அவன் உடம்புக்கு அதுல பாதிதான் உக்கார முடிஞ்சுச்சு. தொழில் புத்தி, குனிஞ்சு அடியில பஞ்சு எப்படி வச்சிருக்காங்கன்னு தடவிப் பாத்துக்கிட்டே சொன்னான்: "என்கிட்ட ஒரு தரம்கூட அவ வால் ஆட்டினது கிடையாது டீச்சர். எல்லா ஆட்டமும் இவகிட்டதான்."

டீச்சருக்கு அவனைவிடப் பத்து பதினஞ்சு வயசு கம்மி இருக்கும். சிரிச்சாங்க. "எங்ககிட்டயும் கடிக்கிறதில்லை சார். நாள் பூரா அடக்கி அடக்கி வச்சுக்கிறா. அதை எங்கயாவது கொண்டுபோய் எறக்கணுமில்ல? யாருகிட்ட எறக்கினா அவங்க விட்டுட்டு ஓட மாட்டாங்கன்னு தெரியுதோ, அங்கதான் எறக்குவாங்க. எல்லாப் பிள்ளைங்களும் இப்படித்தான்னு சொல்ல மாட்டேன். ஆனா இவ விஷயத்துல எனக்கு அப்படித்தான் தோணுது."

அப்ப நானும் பள்ளிக்கூடமும் ஒண்ணானு கேக்க வாய் வந்துச்சு. கேக்கலை. டீச்சர் அதுக்குள்ள, கடிக்கிறதுக்குப் பதிலா கடிச்சு மெல்ல ரப்பர் வளையம் குடுக்கிறதைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அவன் காதுல எதுவும் ஏறலை. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல பொண்டாட்டி ஜன்னலோரம் உக்காந்து, சட்டைக் கையைக் கொஞ்சம் மேல தூக்கி, பழைய தழும்பு மேல விரலை வச்சுக்கிட்டு வெளிய பாத்துக்கிட்டு வந்தா. அவ அசதியில அப்படி உக்காந்திருந்திருக்கலாம். ஆனா அவன் கண்ணுக்கு, பதக்கம் வாங்கினவ அதைத் தடவிப் பாத்துக்கிற மாதிரி இருந்துச்சு.

அன்னையிலேர்ந்து மனசுல நெருஞ்சி முள்ளு.

வீட்டுக்கு வந்தா வண்டு அவனை எப்படி நடத்துதுன்னு உன்னிச்சுப் பாக்க ஆரம்பிச்சான். பாக்கப் பாக்கச் சோறு எறங்கலை. ஜன்னல்ல எட்டிப் பாக்கணும்னா அவன் தொடையில காலை வச்சு ஏறும், முக்காலியில ஏறுற மாதிரி. பிஸ்கட் டப்பா எட்டலைன்னா அவன் மணிக்கட்டைப் புடிச்சு இழுத்துட்டுப் போய் டப்பா மேல வைக்கும், கொக்கிக் கம்பை எடுத்துட்டுப் போற மாதிரி. காரியம் முடிஞ்சா விட்டுடும். அம்மா குளிக்கப் போயிட்டா, கொக்கியில தொங்குற அம்மாவோட நைட்டிக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு நிக்கும். அவன் சட்டையும் பக்கத்துக் கொக்கியிலதான் தொங்கும். அதைக் கையால ஒதுக்கிவிட்டுட்டுப் போய்தான் நைட்டியைப் புடிக்கும்.

'சொல்யூஷன் நாத்தம் புடிக்கலை போல'ன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. ஃபோம் ஒட்டுற பசை, தோலோட ஊறிக் கெடக்கும். கடையிலயே எலுமிச்சை வாசனை சோப்பு போட்டு, முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவிட்டு வர ஆரம்பிச்சான். கூட்டாளி மீசை, பாதி பிரிச்சுப்போட்ட சோஃபாவுக்கு நடுவுல உக்காந்து ஆணி புடுங்கிக்கிட்டே கேட்டான்.

"என்ன மாப்ள, வெளியில ஏதாவது செட்டப்பா? சோப்பு வாசனை தூக்குது."

சொல்லாம இருக்க முடியலை. சொல்லிட்டான். மீசை ஆணியைக் கீழ வச்சுட்டு அவனை ஏற எறங்கப் பாத்தான்.

"கடி கெடைக்கலைன்னு அழுவுற மொத ஆளு நீதான்யா. என் பொண்டாட்டி வார்த்தையாலயே தெனம் கடிக்கிறா, எலும்பு வரைக்கும் எறங்குது. வேணும்னா ஒரு நாளு வந்து எனக்குப் பதிலா உக்காரு."

"உனக்கு வெளங்காதுடா."

"வெளங்குது மாப்ள. ஊருல எவனுக்கும் வராத நோவு உனக்கு வந்திருக்குன்னு நல்லா வெளங்குது."

சிரிச்சுட்டு வேலையைப் பாத்தாங்க. ஆனா அன்னைக்கு மத்தியானம் குஷன்காரன் கடையில இருந்ததுலயே நல்ல ரெக்சின் துண்டா எடுத்து, உள்ள கெட்டி ஃபோம் வச்சு, பொண்டாட்டி கைக்கு ஒரு உறை தைச்சான். மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும். ஓரத்துல ரெட்டைத் தையல், மாட்டிக் கழட்ட ஒட்டுப் பட்டை. எவ்வளவு கடிச்சாலும் பல்லு எறங்காது. பொண்டாட்டிக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் தைக்கிறேன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டான். அந்தப் பல்லு இனிமே அவ தோல்ல பதியாதுங்கிற நெனப்பும் கூடவே ஓடிக்கிட்டிருந்துச்சு. அதை அவன் திரும்பிப் பாக்கலை.

அவ வாங்கிப் பாத்துட்டு, ரெட்டைத் தையலை விரலால தடவிக்கிட்டே, "எனக்காகவா செஞ்சீங்க?"ன்னு கேட்டா. சுருக்குன்னு குத்துச்சு அவனுக்கு. செருப்பைத் தேடுற மாதிரி குனிஞ்சுட்டான்.

உறை ஒரு நாளுதான் ஓடுச்சு. வண்டு அதைக் கடிச்சுது, நிறுத்துச்சு, மோந்து பாத்துச்சு, உறை முடியற இடத்துக்கு மேல தோலாப் பாத்து அங்க கடிச்சுது. உறை கொக்கிக்குப் போயிடுச்சு.

இப்படி இருக்கிறப்பதான் பல் டாக்டரம்மா போன் பண்ணினாங்க. பழைய ஆளு வேணும், மத்தியானத்துலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வந்தா போதும், வாரத்துல பாதி நாளுன்னு. போனை வச்சுட்டு அவ வெறும் அடுப்பைத் துடைச்சா. துடைச்ச அடுப்பையே திரும்பத் துடைச்சா.

"போகட்டுமா?"ன்னா. "பெரிசா சம்பளத்துக்காக இல்லைங்க. யாராவது பெரியவங்க தானா வந்து வாயைத் திறக்கணும், நான் பாக்கணும். அவ்வளவுதான். சனிக்கிழமை ஒரு நாள் போய்ப் பாக்குறேன். நீங்க அன்னைக்குக் கடைக்கு லீவு போட்டு இவளைப் பாத்துக்கங்க. அன்னைக்கு நல்லபடியா போச்சுன்னா ஒத்துக்கிறேன். இல்லைன்னா வேணாம்னு சொல்லிடுறேன்."

"போயிட்டு வா. என்கிட்டதான் அவ சமத்தாச்சே"ன்னான். அதுல இருந்த புளிப்பு அவளுக்குத் தெரியலை. தெரிஞ்சுக்கிற நெலமையில அவ இல்லை. பெட்டிக்குள்ளேர்ந்து பழைய வெள்ளைக் கோட்டை எடுத்து உதறிக்கிட்டிருந்தா.

சனிக்கிழமை வந்துச்சு. அவ வாசல்ல நின்னு செருப்பு மாட்டிக்கிட்டே சொல்லிக்கிட்டிருந்தா. நீலத் தம்ளர்லதான் பால். வெளக்கு போடுறதுக்கு முன்னாடியே தண்ணி எடுத்து வெளிய வச்சுக்கங்க. கதவு விஷயம் உங்களுக்கே தெரியும். "எதுக்கும் அந்த உறையை மாட்டிக்கங்க"ன்னா. கோட்டைக் கைமேல மடிச்சுப் போட்டுக்கிட்டுப் படியெறங்கிப் போனா. எறங்குற சத்தமே வேற மாதிரி இருந்துச்சு. குதிச்சுக்கிட்டு எறங்குற சத்தம். கல்யாணமான புதுசுல கேட்டது.

வண்டு கொஞ்ச நேரம் கதவைப் பாத்துச்சு. அப்புறம் கூடத்துல உக்காந்து, அவன் கொண்டு வந்து குடுத்த சோஃபா பட்டனையெல்லாம் வரிசையா அடுக்க ஆரம்பிச்சுது. மெரூன், மெரூன், பழுப்பு. மெரூன், மெரூன், பழுப்பு. அவன் பக்கத்துல உக்காந்தான். கொஞ்சம் நகந்து உக்காந்துச்சு. அவன் ஒரு பழுப்பு பட்டனை எடுத்து வரிசையில வச்சான். அது அந்தப் பட்டனை எடுத்து அப்பால வச்சுட்டு, அதே மாதிரி வேற ஒண்ணை எடுத்து அங்க வச்சுது. பால் குடுத்தா குடிச்சுது. பிஸ்கட் குடுத்தா தின்னுச்சு. எழுந்து போய் நைட்டிக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுட்டு வந்துச்சு. திரும்ப உக்காந்துச்சு. திரும்ப எழுந்து போச்சு. கூச்சல் இல்லை, அழுகை இல்லை. மூணாம் மனுஷன் யாராவது பாத்தா, அடடா எவ்வளவு சமத்தான குழந்தை, எவ்வளவு பொறுமையான அப்பான்னு சொல்லியிருப்பாங்க. அவனுக்குத்தான் தெரியும், அந்த வீட்டுல அப்ப ஆளு ஒண்ணுதான் இருந்துச்சு. அவன் நாற்காலியோட நாற்காலியா இருந்தான்.

உறை கையிலதான் இருந்துச்சு. கழட்டிக் கொக்கியில மாட்டிட்டான். எதுக்குக் கழட்டினான்னு அப்ப அவனைக் கேட்டிருந்தா, வேர்க்குதுன்னு சொல்லியிருப்பான்.

வெளக்கு போட்டான். வண்டு எழுந்துச்சு. குளியலறைக் கதவு. படுக்கையறைக் கதவு. சமையக்கட்டுக் கதவு. ஒவ்வொண்ணையும் மூடிட்டு உள்ளங்கையை அதுமேல கொஞ்ச நேரம் வச்சுப் பாத்துட்டு எடுத்துச்சு. ஜுரம் பாக்குற மாதிரி.

குஷன்காரன் எழுந்து போய்ச் சமையக்கட்டுக் கதவைத் திறந்தான்.

வண்டு திரும்பி வந்து மூடுச்சு. அவன் திறந்தான். மூடுச்சு. ரீங்காரம் உசந்துச்சு. அவன் மூஞ்சியைப் பாக்கலை, கதவுமேல இருந்த அவன் கையைத்தான் பாத்துச்சு. இந்தக் கை ஏன் இப்படிப் பண்ணுதுன்னு அதுக்குப் புரியலை. இதோட விட்டுடுன்னு அவனுக்குள்ளேர்ந்து ஒருத்தன் சொன்னான். விட்டுடலாம், இன்னும் ஒண்ணும் ஆகலை. அவன் மூணாவது தரம் திறந்து, கதவுக்குக் குறுக்கே காலை வச்சுக்கிட்டான்.

அலறல் கெளம்புச்சு. தரைக்குக் கீழேர்ந்து வெளக்குமாத்துக் கட்டை இடிச்சுது. அவன் அவசர அவசரமா மண்டி போட்டு, சட்டைக் கையைச் சுருட்டி, வெறுங்கையை அதுக்கு முன்னால நீட்டினான். அவ பண்றதைப் பாத்துப் பாத்து மனப்பாடம் ஆனதுதான்.

"கடிடா. அப்பாதான். அப்பாவைக் கடி."

வண்டு அந்தக் கையைப் பாத்துச்சு. ஒரு நிமிஷம் வாய் திறந்த மாதிரி இருந்துச்சு. அது அவன் கையைத் திரைச்சீலையை ஒதுக்குற மாதிரி ஒதுக்கிட்டு, தன் மணிக்கட்டைத் தூக்கி வாயில வச்சுக் கடிச்சுது.

இதுக்கு முன்னாடி அது தன்னைத்தானே கடிச்சுக்கிட்டதே இல்லை.

அவன் கதவுலேர்ந்து காலை எடுத்துட்டான். கதவை மூடினான். "மூடிட்டேன் பாரு, மூடிட்டேன், இதோ"ன்னு கத்தினான். அது விடலை. வாயோரத்துல ரத்தம். தாடையைத் தொட்டுத் திறக்கப் பாத்தான், இன்னும் இறுகுச்சு. 'ம்ம்ம்'னு முனகிப் பாத்தான், சுதி சேரலை, அவனுக்கு அழுகைதான் வந்துச்சு. ஓடிப்போய்க் கொக்கியிலேர்ந்து உறையை எடுத்து, எப்படியோ பல்லுக்கும் தோலுக்கும் நடுவுல செருகி, அந்தச் சின்னக் கையில ஏத்தினான். பெரிய ஆளு உறை, தோள் வரைக்கும் ஏறிப்போச்சு. வண்டு ரெக்சினைக் கடிச்சுது. கடிச்சுக்கிட்டே, உறையோட, போய் நைட்டியைக் கொக்கியோட சேத்து இழுத்துத் தரையில போட்டு அதுக்குள்ள சுருண்டுச்சு. ரீங்காரம் கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சு. அவன் ரெண்டு முழம் தள்ளி உக்காந்திருந்தான். கிட்டப் போக உரிமை இல்லாதவன் மாதிரி. கொஞ்ச நேரத்துல அது தூங்கிப் போச்சு. சமையக்கட்டுக் கதவு தாழ் விழாம மெல்லத் தானா திறந்துக்கிட்டு ஆடிக்கிட்டிருந்துச்சு. எழுந்து போய் அதைத் தொட அவனுக்கு பயமா இருந்துச்சு.

அவ வந்தா. படியேறி வர்றப்பவே பேசிக்கிட்டே வந்தா. "ஒரு தாத்தா, கட்டுப்பல்லைக் கைக்குட்டையில முடிஞ்சு கொண்டு வந்து, இதைக் கொஞ்சம் சிரிக்க வைம்மாங்கிறாரு..." ஆஸ்பத்திரி மருந்து வாசனை, சிரிப்பு, கலைஞ்ச தலை. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தவ, தரையில நைட்டியைப் பாத்தா. அதுக்குள்ள பொண்ணைப் பாத்தா. பொண்ணு கையில உறையைப் பாத்தா.

"எப்படி இருந்தா?"

'சமத்தா இருந்தா'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லித் தேஞ்ச வார்த்தை, தானா வந்து நின்னுச்சு. அவன் வாயைத் திறக்கலை.

அவ குனிஞ்சு, பொண்ணு முழிச்சுக்காம, ஒட்டுப் பட்டையை மெல்லப் பிரிச்சு உறையை உருவினா. உள்ளேர்ந்து ஏதோ தரையில 'டிக்'னு விழுந்து உருண்டுச்சு. பல்லு. அவ அதை எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டா. அப்புறம் பொண்ணோட மணிக்கட்டை வெளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினா. கண்ணைச் சுருக்கினா. ரொம்ப நேரம் பாத்தா.

"இந்தக் கடி அவ பல்லோடது."

"ம்."

"என்ன ஆச்சு?"

"கதவைத் திறந்தேன்."

"மறந்துட்டீங்களா?"

இது ஒரு கதவு. இதுக்குள்ள நுழைஞ்சு தப்பிச்சுப் போயிடலாம். அவ நம்புவா. அவன் தலையை ஆட்டினான், இல்லைன்னு.

"அப்புறம் எதுக்கு?"

"என்னையும் கடிப்பாளான்னு பாத்தேன்."

அவளுக்குப் புரியறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் அவ மூஞ்சியிலேர்ந்து ஆஸ்பத்திரி சிரிப்பு, தாத்தா, கட்டுப்பல்லு எல்லாம் ஒண்ணொண்ணா எறங்கிப் போறதை அவன் பாத்தான். கத்துவாள்னு நெனச்சான். பிள்ளை தூங்குதுங்கிறதால அவ கத்தலை. பல்லைக் கடிச்சுக்கிட்டு, மெதுவா பேசினா. அது அதைவிட மோசமா இருந்துச்சு.

"இதுக்குப் போய்ப் பொறாமைப்பட்டீங்களா? இதுக்கு? இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் ஒரு அரைக்கைச் சட்டை போட முடியலை, ஒரு வீட்டுக்குப் போக முடியலை. கூடத்துல அவ உங்க கால்மேல ஏறி நின்னு ஜன்னல் பாத்துக்கிட்டிருப்பா. நான் சமையக்கட்டுலேர்ந்து அதைப் பாத்துக்கிட்டு நிப்பேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என்மேல அப்படி ஏறி நின்னுட்டு, எனக்கு ஒண்ணும் பண்ணாம எறங்கிப் போக மாட்டாளான்னு... எத்தனை நாள் வயிறு எரிஞ்சிருக்கேன் தெரியுமா உங்களுக்கு? உங்களைப் பாத்து எரிஞ்சிருக்கேங்க. உங்களைப் பாத்து!"

அவன் எழுந்து, பின்னால நகந்து, சமையக்கட்டுக் கதவோரச் செவுத்துல ஒட்டிக்கிட்டான்.

"தன்னைத்தானே கடிச்சுக்கிற பழக்கம் இல்லாம இருந்துச்சு அவளுக்கு. அது ஒண்ணாவது இல்லையேன்னு இருந்தேன்"ன்னா. கைமேல மடிச்சுப் போட்டிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்தா. கொக்கி பக்கம் ஒரு அடி வச்சா, அழுக்குக் கூடை பக்கம் திரும்பினா. ரெண்டுலயும் போடாம கையிலயே வச்சுக்கிட்டு நின்னா. 'டாக்டரம்மாகிட்ட என்ன சொல்லப் போற?'ன்னு அவன் கேக்கணும். கேக்கிற தகுதி தனக்கு இருக்குன்னு அவனுக்குத் தோணலை.

ரீங்காரம் கேட்டுச்சு. வண்டு எழுந்து உக்காந்திருந்துச்சு. நைட்டியை உதறிட்டு எழுந்து நின்னுச்சு. அம்மாவைப் பாக்கலை, அப்பாவைப் பாக்கலை. நேரா சமையக்கட்டுக் கதவைப் பாத்துச்சு. கதவு பாதி திறந்து கெடந்துச்சு. அதுக்குப் பக்கத்துல குஷன்காரன் செவுத்தோட செவுரா ஒட்டி நின்னுக்கிட்டிருந்தான். அது நடந்து வந்துச்சு. அவன் தன்னையறியாம ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டான்.

வண்டு அவன் முன்னால நின்னு, முதுகுக்குப் பின்னால கையை விட்டு, அவன் மணிக்கட்டைத் தேடிப் புடிச்சு முன்னால இழுத்துச்சு. டப்பா எடுக்க இழுக்கிற மாதிரியேதான். கதவுமேல கொண்டுபோய் அவன் உள்ளங்கையை வச்சுது. தள்ளுச்சு. அவன் தள்ளினான். தாழ் சரியா விழுகிற சத்தம் கேட்டுச்சு.

காரியம் முடிஞ்சாச்சு. இப்ப விட்டுடும்னு அவன் காத்துக்கிட்டிருந்தான். வண்டோட கை, கடிபட்ட கை, அவன் கைமேலயே இருந்துச்சு. அவன் இன்னொரு தரம் திறந்துடாம இருக்க அழுத்திப் புடிச்சிருக்கா, இல்லை சும்மா வச்சிருக்கான்னு அவனுக்குச் சொல்லத் தெரியலை. பின்னால அவ கோட்டோட நின்னுக்கிட்டிருந்தா. ஜுரம் பாக்குற மாதிரி அந்தச் சின்ன உள்ளங்கை அவன் புறங்கைமேல அப்படியே இருந்துச்சு. கதவு சூடா இல்லை. அவன் அசையாம நின்னான்.